கூடாரத்துக்குள் எலுமிச்சம்பழம்

நான் பயந்த சுபாவக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் என்னிடம் வீரத்தை எதிர்பார்த்து யாரும் ஏமாறக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும்போது தெருமுனையில் நாய் படுத்திருந்தால், அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறவன். அப்பேர்ப்பட்டவனைத்தான் கம்பெனி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது, அதுவும் சிங்கமும் யானையும் திரிகிற காட்டுக்குள்.

ஒரகடம் போகிற சாலையில் ஜெனரேட்டர் அசெம்பிள் செய்து விற்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. இரண்டாயிரத்து நாலு வாக்கில் ஜாம்பியாவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அங்கே ஒரு தேசியப் பூங்காவின் நடுவில், வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டைக்காகப் போட்ட முகாம் ஒன்று இருக்கிறது. இப்போது வேட்டை கிடையாது. வெளிநாட்டார் வந்து கூடாரத்தில் தங்கி மிருகம் பார்க்கிறார்கள். அந்த முகாமின் பழைய எஞ்சின் உயிரை விட்டுவிட, எங்களிடம் புதிதாக ஒன்று வாங்கினார்கள். பெட்டி கப்பலில் முன்னாலேயே போய்விட்டது. அதைப் பிரித்து நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒரு சர்வீஸ் இன்ஜினியரும் ஒரு ஃபிட்டரும் போக வேண்டும்.

இன்ஜினியர் நான், கோவில்பட்டிக்காரன். ஃபிட்டர் ஆரோக்கியம் அண்ணன், மண்ணூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத கத்தோலிக்கர். நான் பயப்படுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செம்பரம்பாக்கம் ஏரில நான் பாக்காத பாம்பா சார்? வா சார், ஜாலியா போய்ட்டு வந்துருவோம்" என்றார். ஏரிப் பாம்புக்கும் சிங்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு எப்படி விளக்குவது?

லுசாகா நகரத்தில் ஒரு பகல் தங்க வேண்டியிருந்தது. ஆரோக்கியம் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். எதற்கு என்றேன். "இன்னா சார், தெரியாத மாரி கேக்குற? மெஷின் ஸ்டார்ட் பண்ண எலிமிச்சை வாணாவா?"

வேண்டும்தான். எங்கள் கம்பெனியில் எந்த எஞ்சினும் எலுமிச்சை இல்லாமல் முதல் மூச்சு விட்டதில்லை. கண்ட்ரோல் பேனலுக்கு ஒரு எலுமிச்சை மாலை போட வேண்டும். தனியாக ஒரு பழத்தைப் பிளந்து, உள்ளே குங்குமம் தடவி, எஞ்சினை மூன்று தரம் சுற்றித் திருஷ்டி கழித்துப் பிழிந்து எறிய வேண்டும். இதை வருஷக்கணக்காகச் செய்துவருகிறவர் ஆரோக்கியம் அண்ணன்தான். முதலாளி ஒரு தடவை, "நீ கிறிஸ்டியனாச்சே ஆரோக்கியம்?" என்று கேட்டிருக்கிறார். "நான் கிறிஸ்டியன் சார். மெஷினு இன்னான்னு அதாண்ட கேட்டீங்களா?" என்று பதில் வந்ததாம்.

ஒரு சின்னச் சாக்குப் பை நிறைய வாங்கி வந்தார். நம்மூர் எலுமிச்சையைவிடப் பெரிது, தோல் தடிமன், வாசனை ஆளைத் தூக்கியது. பையோடு துணியில் சுற்றி டூல் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு குட்டி விமானத்தில் ஏற்றினார்கள். உள்ளே நிமிர்ந்து உட்கார முடியாது. பைலட்டின் கழுத்து வியர்வை தெரிகிற தூரத்தில் நான். முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. கீழே ஆறு தெரிந்ததும் கணவர், "போன தடவை நீர்யானை படகைக் கவிழ்த்தது இங்கேதான்" என்றார். மனைவி எட்டிப் பார்த்து, "இல்லை, அது அடுத்த வளைவு" என்றார். ஏதோ பஸ் ஸ்டாப்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மண் தரையில் இறங்கிய எங்களை அழைத்துப்போகத் திறந்த ஜீப்புடன் பண்டா என்பவர் வந்திருந்தார். முகாமின் காவலர். அறுபதை ஒட்டிய வயது, பச்சைச் சட்டை, தோளில் என் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி. நல்ல ஆங்கிலம் பேசினார், ஆனால் கஞ்சத்தனமாகப் பேசினார். காய்ந்த ஓடை ஒன்றைக் கடக்கும்போது ஜீப் மணலில் புதைந்தது. இறங்கித் தள்ளச் சொன்னார். ஒரகடத்தில் மழை பெய்தால் கன்டெய்னர் லாரிகள் செம்மண்ணில் சிக்கிக்கொண்டு ஊரே தள்ளும். அந்தப் பழக்கத்தில் ஆரோக்கியம் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டுவதுபோல பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குதித்தார். நானும் இறங்கினேன். இறங்கிய இடத்தில் என் உள்ளங்கையைவிடப் பெரிய கால் தடம் ஒன்று மணலில் இருந்தது.

"சிங்கம்" என்றார் பண்டா. "பயப்படாதீர்கள், நேற்றுப் போனது."

நேற்றுப் போனது இன்று திரும்பி வராது என்று யார் சொன்னது? நான் தள்ளிய தள்ளலில் ஜீப் கரையேறிவிட்டது என்று ஆரோக்கியம் அண்ணன் ஊர் வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முகாம் ஆற்றங்கரையில் இருந்தது. மேட்டில் வேட்டை பங்களா, அந்தக் காலத்துத் துரைகள் தந்தங்களோடு நிற்கிற புகைப்படங்கள், கூரையில் புல். கீழே வரிசையாகக் கூடாரங்கள், சிமென்ட் மேடைமேல் தடித்த கித்தான் துணி. ஒவ்வொரு கூடாரத்துக்கும் பின்னால், ஆள் உயரத்துக்கு மேல் கல் சுவர் எழுப்பிய குளியலறை. அதற்குக் கூரை கிடையாது. நட்சத்திரம் பார்த்துக்கொண்டு குளிப்பார்களாம். உள்ளே நாலு கால் வைத்த பெரிய இரும்புத் தொட்டி, எழுபது வருஷத்துக்கு முன்னால் ஆட்கள் தலையில் சுமந்துவந்தது என்றார்கள்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் சுவரே இல்லை. மேலாளர் திருமதி ஃபிரி காரணம் சொன்னார். கட்டிய துரை, தெரியாமல் யானைத் தடத்தின்மேல் கட்டிவிட்டாராம். சுவர் எழுப்ப எழுப்ப யானைகள் தள்ளிவிட்டுப் போயிருக்கின்றன. கடைசியில் துரை தோற்றுப்போய், "நடுவே போய்க்கொள்" என்று விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் வயலை மடக்கித் தொழிற்சாலை கட்டியபோது மாடுகள் பழைய வழியில் வந்து கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். செக்யூரிட்டி தடியால் நாலு போட்டு விரட்டுவார். மாட்டிடம் தோற்ற முதலாளி யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

திருமதி ஃபிரி முகாமின் சட்டங்களைச் சொன்னார். காவலர் இல்லாமல் கூடாரத்தை விட்டு நடக்கக் கூடாது. எதைப் பார்த்தாலும் ஓடக் கூடாது. கூடாரத்துக்குள் பழம் வைத்துக்கொள்ளக் கூடாது. "ஆரஞ்சு, வாழை, எது இருந்தாலும் சமையலறையில் கொடுத்துவிடுங்கள். இது கோடையின் கடைசி. யானைகள் பசியில் இருக்கின்றன."

நான் தமிழில் சொன்னேன். ஆரோக்கியம் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நானும் எங்களிடம் பழம் இல்லை என்றேன். சத்தியமாக எனக்கும் ஞாபகம் வரவில்லை. நமக்குப் பழம் என்றால் தின்கிற சாமான், கொய்யா, வாழை, மாம்பழம். எலுமிச்சை பூஜைச் சாமான்; தப்பினால் ஊறுகாய்.

மதியம் மக்காச்சோள மாவில் கிளறிய வெள்ளைக் களியும், எண்ணெயில் பொரித்த பொடி மீனும் கொடுத்தார்கள். அப்படியே நெத்திலிக் கருவாடு. ஆரோக்கியம் அண்ணன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். "வூட்ல சாப்டா மாரியே கீது சார்." எனக்கு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அம்மா குண்டு மிளகாயைத் திரித்துக் கொடுத்துவிட்டிருந்த பொடியை எடுத்துத் தூவிக்கொண்டேன். பண்டா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கி, தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

இரவைப் பற்றி எழுதப்போவதில்லை. நான் தூங்கவில்லை என்பதோடு சரி.

மறுநாள் பிற்பகல் அதை முதல் தடவை பார்த்தேன். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு நின்றது. திரும்பினேன். யானை ஒன்று கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. அத்தனை பெரிய உடம்பு, ரப்பர் செருப்புப் போட்ட ஆள் அளவுக்குக்கூட ஓசை எழுப்பவில்லை. ஒரு தந்தம் நீளம், ஒன்று பாதியில் முறிந்தது. மேசைகளுக்கு நடுவே, எதையும் உரசாமல், என் நாற்காலிக்கு இரண்டு கை தூரத்தில் கடந்துபோனது.  கையிலிருந்த டீ தொடையில் கொட்டிச் சுட்டதே யானை போன பிறகுதான் தெரிந்தது.

பண்டா எழுந்து நின்றார், அவ்வளவுதான். துப்பாக்கி சுவரோரம் சாத்தியபடியே இருந்தது. அவரைத் தாண்டும்போது யானை தும்பிக்கை நுனியால் அவர் சட்டையை முகர்ந்துவிட்டு, கூடத்தின் மறுபக்கம் இருந்த மரங்களுக்குப் போனது. எங்கள் ஊரில் ஆடு தின்கிற கருவேலங்காய் மாதிரி சுருண்ட காய்கள் அந்த மரத்தடியில் உதிர்ந்து கிடந்தன.

"நான் பதினெட்டு வயதில் மூட்டை தூக்க இங்கே வந்தேன். அப்போதே இது வந்துகொண்டிருந்தது. மடாலா என்று கூப்பிடுவோம், கிழவன் என்று அர்த்தம்" என்றார் பண்டா. அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"பெருசா இது!" என்றார் ஆரோக்கியம் அண்ணன். அன்றிலிருந்து அவருக்கு அது பெருசுதான்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் ஜெனரேட்டர் தயாராகிவிட்டது. எண்ணெய் ஊற்றி, வயர்களை முறுக்கி, எல்லாம் பார்த்தாயிற்று. வெயில் தணிந்த பிறகு ஓட்டலாம் என்று கூடாரத்துக்கு வந்து படுத்தேன். ஆரோக்கியம் அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோணி ஊசியில் சணல் கோத்து, எலுமிச்சைகளை ஒவ்வொன்றாகக் குத்தி மாலை கட்டிக்கொண்டிருந்தார். ஊசி குத்தியதில் சாறு கசிந்து கூடாரமெல்லாம் வாசனை. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"அண்ணே, பழம் வைக்கக் கூடாதுன்னாங்களே."

"பழம்னா துன்றது சார். இத்த யாரு துன்னப் போறா? மெஷினுக்கு வெச்சிகினு கீறேன்."

சரிதானே என்று திரும்பிப் படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. மிகத் தாழ்ந்து, தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. யாரோ நம் ஜெனரேட்டரைக் கேட்காமல் ஓட்டிவிட்டார்கள் என்று கோபத்தோடு எழுந்தேன். கூடாரத்தின் வலை ஜன்னலில் வெளிச்சம் இல்லை. சாம்பல் நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக ஒரு தோல் அதை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் யானையின் வயிற்றிலிருந்து வந்தது.

ஆரோக்கியம் அண்ணன் கையில் மாலையோடு உறைந்துபோயிருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது, "மாதாவே, மாதாவே." வலை கிழிந்து தும்பிக்கை உள்ளே வந்தது. ஈரமான நுனி கட்டில் விரிப்பைத் தடவியது, என் முழங்காலைத் தொட்டது, நின்றது. சூடான மூச்சு. என் உடம்பில் எந்த எலும்பும் எனக்குச் சொந்தமில்லை என்று தோன்றியது. கத்தினால் செத்தேன், கத்தாவிட்டாலும் செத்தேன் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் வெளியே பண்டாவின் குரல், கத்தாமல், அழுத்தமாகக் கேட்டது.

"பின்னால் போங்கள். ஓடாதீர்கள். குளியலறைக்குப் போங்கள்."

எப்படிப் போனோம் என்று தெரியாது. இரும்புத் தொட்டிக்குள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தோம். மேலே கூரை இல்லை, நீல வானம். சுவருக்கு மேலே யானையின் முதுகு தெரிந்தது. கித்தான் கிழிகிற சத்தம் கேட்டது, நீளமாக, துணிக்கடையில் காடாவைக் கிழிப்பது மாதிரி. ஒரு தந்தத்தால் கூடாரத்தைப் பிளந்திருக்கிறது. பிறகு கட்டில் முறிந்தது. பிறகு மென்று தின்கிற சத்தம். எலுமிச்சைகளை அது அவசரப்படாமல் தின்றது. மாலை தீர்ந்ததும் பையைத் தேடி எடுத்து உதறியது. தொட்டிக்குள் ஆரோக்கியம் அண்ணனின் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. என் வீட்டில் இந்தச் செய்தியை யார் போய்ச் சொல்வார்கள், அம்மா எங்கே உட்கார்ந்திருக்கும்போது சொல்வார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அது போய்விட்டது. வெளியே வந்ததும் சிமென்ட் மேடைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். பண்டாவும் நிற்கவில்லை. கிழிந்த கூடாரத்தின் முன்னால், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அதைக் கொன்றுவிட்டீர்கள்" என்றார்.

திருமதி ஃபிரிதான் எனக்கு விளங்கச் சொன்னார். ஆட்கள் தூங்குகிற கூடாரத்தில் தின்பண்டம் இருக்கிறது என்று ஒரு யானை கற்றுக்கொண்டால் அதோடு விடாது. நாளை அதே கூடாரத்துக்கு வரும், பிறகு எல்லாக் கூடாரத்துக்கும். ஒருநாள் யாராவது சாவார்கள். அதனால் பூங்கா அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் ஆள் அனுப்புவார்கள். இரண்டாம் தடவை கூடாரத்தில் கை வைத்தால் சுட்டுவிடுவார்கள். "நான் தகவல் சொல்லாமல் இருக்க முடியாது" என்று அவர் சொன்னபோது பண்டாவைப் பார்க்காமல் சொன்னார்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு நான் தமிழில் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டார். "ஒரு எலிமிச்சங்காய்க்கா சார்? ஒரு எலிமிச்சங்காய்க்கா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிட வரவில்லை. ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலையில் பூங்காவின் ஆட்கள் இருவர் துப்பாக்கிகளோடு வந்துவிட்டார்கள். இளைஞர்கள், மரியாதையானவர்கள். "அதுவாகத் திரும்பிப் போனால் நாங்களும் போய்விடுவோம். எங்களுக்கு மட்டும் ஆசையா?" என்றார் ஒருவர். கிழிந்த கூடாரத்துக்கு எதிரே, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் பண்டா என்னிடம் வந்தார். "உங்கள் சிவப்புப் பொடி எவ்வளவு இருக்கிறது?"

அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. டூல் பாக்ஸின் அடியில் உருண்டு கிடந்த எலுமிச்சைகள் சில மிச்சமிருந்தன. பண்டா சொன்னது சுருக்கமாக இருந்தது. பழத்துக்குள் பொடியை நிரப்பி, அதே கூடாரத்தில், முறிந்து கிடக்கிற அதே கட்டிலில் வைக்க வேண்டும். ஒரே ஒரு கடி. அந்த எரிச்சலில் இனி இந்த வாசனைப் பக்கமே வராது. வெறும் பழம் கிடைத்தால் மறுபடி மறுபடி வரும், குண்டு கிடைக்கும்.

நான் மொழிபெயர்த்ததும் ஆரோக்கியம் அண்ணன் பின்வாங்கினார். "வாணாம் சார். துன்ன வர்ற உசுருக்கு மொளகா வெக்கறதா? பாவம் சார் அது. சோத்துல மண்ண போட்றா மாரி."

"வைக்கலேன்னா சுட்டுருவாங்க அண்ணே."

அவர் பழங்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு கத்தியை எடுத்தார். ஒவ்வொரு பழத்தையும் முழுசாகப் பிரியாமல் பாதி பிளந்து, குங்குமம் தடவுகிற அதே லாவகத்தில் கட்டை விரலால் மிளகாய்ப் பொடியை அழுத்தி அடைத்து, மூடி, சணலால் கட்டினார். கை பழகிய வேலை. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து இரண்டு தரம் கட்டினார். வைத்துவிட்டு வருவதற்கு பண்டா போனார். ஒவ்வொரு பழத்தையும் வெறுங்கையால் எடுத்துத் தனித்தனியாக வைத்தார்.

அதே பிற்பகல் நேரம். நாங்கள் கூடத்தில் இருந்தோம். எனக்கு இரண்டு பயம். அது வந்துவிடுமோ என்று ஒன்று, வந்து கடிக்காமல் கூடாரத்தை மட்டும் பிய்க்குமோ என்று ஒன்று. வராமலே இருந்துவிடட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

வந்தது. மரத்தடியில் கிடந்த காய்களைப் பார்க்கவேயில்லை. நேராகக் கூடாரத்துக்குப் போனது. துப்பாக்கிக்காரர்கள் எழுந்தார்கள். ஒருவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார். யானை கிழிசல் வழியாகத் தும்பிக்கையை நுழைத்தது. பண்டா அந்தத் துப்பாக்கிக்காரர் பக்கத்தில் போய், துப்பாக்கிக் குழாயின்மேல் கையை வைக்காமல், வைக்கப்போகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார். "இரு" என்றார். "இரு. இரு."

தும்பிக்கை வாய்க்குப் போனது.

யானை அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. காது கிழிந்தது. தலையை உதறி, தும்பிக்கையைத் தரையில் அடித்து, மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. பின்பக்கமாக நகர்ந்து கூடாரக் கயிற்றில் தடுக்கிற்று. பிறகு ஓடியது. வழியில் நின்ற நாற்காலிகளும் டீ மேசையும் பறந்தன. நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது அது ஆற்றில் இறங்கி, தண்ணீரை வாய்க்குள் பீய்ச்சிக்கொண்டு, மறுபடி கத்திக்கொண்டு, அக்கரை ஏறிப் புதருக்குள் மறைந்தது.

இத்தனை நாளும் அதைப் பார்த்து நடுங்கினேன். அது எங்களைப் பார்த்து நடுங்கி ஓடியதைப் பார்ப்பதற்கு எனக்கு மனசு இல்லை. வெட்கமாக இருந்தது.

பூங்கா ஆட்கள் துப்பாக்கியை இறக்கினார்கள். டீ குடித்துவிட்டு, பண்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். திருமதி ஃபிரி எங்களுக்கு வேறு கூடாரம் கொடுத்தார். பழம் இருக்கிறதா என்று இப்போது அவரே பெட்டிகளைத் திறந்து பார்த்தார். கோபிக்க முடியுமா?

மறுநாள் காலை ஜெனரேட்டரை ஓட்டினோம். மாலையும் இல்லை, குங்குமமும் இல்லை. ஆரோக்கியம் அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. சமையலறையில் பல்ப் எரிந்தது, பெரிய ஃபிரிட்ஜ் உறுமியது, எல்லோரும் கை தட்டினார்கள். பண்டா மட்டும் அங்கே இல்லை.

சொல்லிக்கொண்டு போக அவரைத் தேடினோம். ஆற்றங்கரை மணலில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி பக்கத்தில் கிடந்தது.

"விடிந்ததும் அக்கரையில் நின்றது" என்றார், எங்களைத் திரும்பிப் பார்க்காமல். "கூப்பிட்டேன். என் குரல் கேட்டால் எப்போதும் காதை விரிக்கும். இன்றைக்குத் தும்பிக்கையைத் தூக்கி என் வாசனையைப் பிடித்துப் பார்த்தது. ஓடிவிட்டது."

 "உயிரோடு இருக்கிறதே" என்றேன்.

"ஆமாம். மனிதனைக் கண்டு ஓடுகிற யானையை யாரும் சுடுவதில்லை. நல்லது." கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னார், "நல்லது."

ஆரோக்கியம் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா சார் சொல்றாரு?"

"நல்லதுங்கிறாரு அண்ணே."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் அழுவுறாரு?"